புளூ லகூனில் பிள்ளைகளோடு கடற்கரை துப்புரவு: சாமிக்குப் படைத்த பொருட்களை என்ன செய்வது?

முத்துநகர்ப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவர் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இது மூன்றாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் பதினாலு பேர். சின்னவனுக்கு எட்டு வயது, பெரியவளுக்குப் பதினைந்து.

போன மாதம் ஐந்திணை பாடம். நெய்தலுக்கு வந்ததும், கடல் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குப் படத்தில் காட்ட வேண்டும் என்று உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனுக்குக் கூட்டிப்போனேன். மணலில் உட்கார வைத்து "கண்ணில் படுவதற்கெல்லாம் தமிழில் பேர் சொல்லுங்கள்" என்றேன். மணல், அலை, நுரை, நண்டு வரைக்கும் சரியாகப் போனது. அப்புறம் ஒரு பெண் பிள்ளை கை நிறைய மெல்லிய வெள்ளைக் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். சுற்றிப் பார்த்தேன். பெயர் சொல்ல வேண்டியவற்றில் பாதிக்குமேல் பிளாஸ்டிக். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

அதனால் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து ஒருநாள் அந்தக் கரையைச் சுத்தம் செய்யலாம் என்று நினைக்கிறேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரை துப்புரவு நடக்குமாமே. இந்த வருடம் (2025) அது 20ஆம் தேதி வருகிறது. ஆனால் அன்றைக்குப் புரட்டாசி முதல் சனிக்கிழமை. மறுநாள் மகாளய அமாவாசை. விரதம் இருக்கும் வீடுகள் பிள்ளைகளை அனுப்புமா என்று தெரியவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கரை முழுக்கச் சாமிக்குப் படைத்த பொருட்கள் கிடக்கின்றன. தேங்காய், எலுமிச்சை, அகல், துணி, ஃபாயில் தட்டு. காரியம் செய்தவர்கள் விட்டுப்போனதும் இருக்கும். விஷயம் தெரிந்து ஒரு பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்து, "என் மகளை அதையெல்லாம் தொட வைக்காதீங்க" என்றார். அவர் சொன்னதும் எனக்குப் புரிகிறது. அப்படியே விட்டுவிட்டு வரவும் மனசு இல்லை.

இங்கே முன்னால் செய்து பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

---

உம்லாங்கா கணேசன் எழுதியது:

வணக்கம் மேடம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு முறை செய்திருக்கிறோம், இரண்டும் மண்டேலா தினத்தன்று. அவர் பொது வாழ்வில் உழைத்த 67 வருடத்துக்காக 67 நிமிடம் சேவை செய்வார்களே, அந்தக் கணக்கில்.

நான் அடிபட்டுக் கற்றது குப்பை எடுக்கும் வண்டி விஷயம்தான். பொறுக்கிக் கட்டி வைத்துவிட்டால் வண்டி வந்து எடுத்துப்போகும் என்று போனில் சொன்னார்கள். நம்பி முப்பத்தெட்டு மூட்டையை வாகனம் நிறுத்தும் இடத்தில் அடுக்கிவிட்டு வந்தோம். வண்டி வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குரங்குகள் அத்தனையையும் கிழித்து இறைத்திருந்தன, பாதி திரும்ப மணலுக்கே போய்விட்டது. நாங்கள் நாலு பேர் மறுபடியும் குனிந்து பொறுக்கினோம். அதனால் வண்டிக்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அன்றைக்கே குப்பைக் கிடங்கில் சேர்த்துவிடுங்கள். கடற்கரை அலுவலகத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள். உயிர்காப்பு ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, கறுப்புக் குப்பைப் பை வேண்டாம். ஈர மணலோடு தூக்கினால் அடி கிழிந்துவிடும். காய்கறிச் சந்தையில் வெங்காயம் வருமே, அந்த வலைச்சாக்கு வாங்குங்கள். தூக்கி இரண்டு உதறு உதறினால் மணல் கொட்டிவிடும், குப்பை மட்டும் தங்கும். பிள்ளைகள் தூக்கவும் இலேசு.

---

டின் டவுன் பேத்தி எழுதியது:

தங்கச்சி, வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அறுபது நெருங்குகிறது. முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் பிறந்தது அந்த ஆற்றங்கரையில்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்று தகரக் கொட்டகைகளாக ஒரு குடியிருப்பு இருந்தது. 1976இல் உம்கேனி வெள்ளம் வந்து வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு எங்களுக்கு டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இடம் கொடுத்தார்கள். என் ஆயா சாகிற வரைக்கும் அந்த ஆற்றை "அவ" என்றுதான் சொல்வார். "அவ கோவிச்சுக்கிட்டா எதையும் வைக்க மாட்டா" என்பார். தமிழ் எழுத்தும் அவர் சிலேட்டில் போட்டுக்காட்டியதுதான்.

புளூ லகூனில் கிடக்கும் குப்பையைப் பார்த்து, அங்கே ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்திச் சாப்பிடுகிறவர்கள்தான் போட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் போடுவதும் உண்டு, தெர்மாகோல் பெட்டியும் பீர் மூடியும் அவர்களுடையது. ஆனால் நிறையக் குப்பை ஆறு கொண்டுவருவது. அவள் மிட்லாண்ட்ஸ் மேட்டில் புறப்பட்டு மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நாலு அணையில் தங்கி வருகிறாள். இனாண்டாவுக்குக் கீழே ஊருக்குள் நுழைந்ததும் பால்மியட் மாதிரி சிற்றாறுகள் சேர்கின்றன. குப்பை வண்டி ஒழுங்காக எட்டாத குடிசைகள் அந்தக் கரைகளில் இருக்கின்றன. ரோட்டு மழைத்தண்ணீரும் அங்கேதான் வடிகிறது. நல்ல மழை அடித்தால் எல்லாம் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டு திட்டுத் திட்டாக மிதந்து வாய்முகத்துக்கு வந்து சேரும். சில சிற்றாறுகளில் இப்போது குறுக்கே மிதவைக் குழாய் கட்டிக் குப்பையை மேலேயே மடக்குகிறார்கள். முடிந்தால் ஒருநாள் பிள்ளைகளை அதைப் பார்க்கக் கூட்டிப்போங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர் போனது. அதற்கு அடுத்த வாரம் நான் அந்தக் கரைக்குப் போனேன். நாணலும் கரும்பும் மரக்கட்டையும் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்து, லேஸ் கட்டினது கட்டினபடி. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

அந்தப் பெண் கேட்ட வெள்ளைக் குச்சிக்கு வருகிறேன். அது காது குடையும் பட்ஸின் தண்டு. பஞ்சு கரைந்துபோய்க் குச்சி மட்டும் மிஞ்சுகிறது. கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அங்கிருந்து வருகிறது. கழிவுநீர் நிலையத்துச் சல்லடையில் பெரிய பொருள் நிற்கும், இந்தக் குச்சி நீளவாக்கில் நழுவிவிடும். "காதுக்குச்சி" என்று சொல்லிக்கொடுங்கள். எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்புறம் அவள் கையுறை இல்லாமல் தொட மாட்டாள். வீட்டிலும் யாரையும் கக்கூசில் போட விடமாட்டாள். குச்சி மிட்டாய்க் குச்சியும் இதே மாதிரிதான் கிடக்கும், அது கொஞ்சம் தடிமன்.

இப்போது நர்ஸாகச் சில விஷயம். இதைத் தயவுசெய்து ஒவ்வொரு பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஊசி. அந்தக் கரையில் கிடைக்கும். எந்தப் பிள்ளையும் ஊசியைத் தொடக்கூடாது. பார்த்த இடத்திலேயே நின்று கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். பெரியவர் ஒருவர் இடுக்கியால் எடுத்துத் தடிமனான பிளாஸ்டிக் கேனில் போட வேண்டும். துணி வெளுக்கும் திரவம் வருமே, அந்தக் கேன் நல்லது. தப்பித்தவறி யாருக்காவது குத்திவிட்டால் அழுத்திப் பிழியக்கூடாது, வாயை வைக்கவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பயமுறுத்த எழுதவில்லை. எங்கள் வார்டுக்கு ஒரு பையனை நாலாவது நாள் கூட்டிவந்தார்கள். அம்மா திட்டுவாள் என்று மறைத்திருக்கிறான். பிள்ளைகளிடம் "குத்தினால் சொல், யாரும் திட்ட மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீலக் குமிழி. கடல்காற்று அடித்தால் கரையில் ஊதின பலூன் மாதிரி நீலமாக ஒதுங்கும், பின்னால் நூல் மாதிரி வால். செத்தது போலக் கிடந்தாலும் வால் கொட்டும். கொட்டினால் வினிகர் வேண்டாம். ஒட்டியிருக்கும் நூலைக் கையுறையோடு எடுத்துவிட்டுக் கடல்தண்ணீரால் அலசி, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் விடுங்கள். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கையில் இருக்கட்டும்.

தண்ணீர். லகூன் பக்கம் காலை நனைக்கவே விடாதீர்கள், அதிலும் காலில் புண் இருந்தால். மழை பெய்து ஓரிரு நாள் வரை அதில் சாக்கடை கலந்திருக்கும்.

இனி மணலில் இருக்கும் ஒரு சின்னப் பொருள். துவரம்பருப்பு அளவில் பால்வெள்ளையாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பிளாஸ்டிக் சாமான் செய்கிற மூலப்பொருள் அது. 2017 அக்டோபர் 10ஆம் தேதி புயலில் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கப்பல் கட்டு அறுந்து திரும்பி, இரண்டு கண்டெய்னர் தண்ணீரில் விழுந்தது. 49 டன் உருண்டை. அந்த வாரம் நாங்கள் கோயில் பெண்கள் ஒன்பது பேர் மாவுச் சல்லடையும் முறமும் எடுத்துக்கொண்டு போனோம். முறத்தில் புடைத்துப் பார்த்தோம், மணலும் சேர்ந்து பறந்தது. அப்புறம் ஒருத்திக்கு யோசனை வந்தது. வாளியில் கடல்தண்ணீர் ஊற்றி அதில் மணலை அள்ளிப் போட்டால் மணல் அடியில் இறங்கிவிடும், உருண்டை மேலே மிதக்கும். டீ வடிகட்டியால் அரித்து எடுத்துவிடலாம். காலை ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் உட்கார்ந்து அரித்து ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிரம்பியது. இன்றைக்கும் கரையின் மேல்வரம்பில், காய்ந்த நாணல் ஒதுங்கியிருக்கும் கோட்டில் கிளறினால் உருண்டை கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். மீன் முட்டை என்று நினைத்துப் பறவையும் மீனும் இதைத்தான் விழுங்குகின்றன. கடலில் கிடக்கும்போது மற்ற நஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் வெறும் கையால் அள்ள வேண்டாம்.

சங்கு, கிளிஞ்சல், காய்ந்த மரக்கட்டை, பாசி எதையும் எடுக்க வேண்டாம். அது கடலுடையது.

சாமிப் பொருட்களைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். பேரன் வந்துவிட்டான்.

---

கரைவலை மாமா எழுதியது:

வணக்கம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கரைவலை இழுத்த குடும்பம். ஜூன், ஜூலையில் சாளை ஓடிவரும்போது இப்போதும் போவேன்.

டீச்சர், நீங்கள் குறித்த நாள் நல்ல நாள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கடல் தெரியும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வற்றம் நன்றாக இருக்கும். அஷ்டமி, நவமியில் போனால் அந்த நேரத்தில் ஏற்றமாக இருக்கும், நடக்கவே மணல் இருக்காது. 20ஆம் தேதி அமாவாசைக்கு முதல் நாள். ஆறு மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடும். ஏழு மணிக்கு ஆரம்பித்து மேல்வரம்பிலிருந்து கீழே இறங்கி வாருங்கள், தண்ணீர் உங்களுக்கு வழி விட்டுக்கொண்டே போகும். பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். பதினொன்றுக்கு வடகிழக்குக் காற்று பிடித்தால் பையெல்லாம் பறக்கும்.

அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பை (தங்கூசி) பிள்ளைகள் இழுக்கக்கூடாது. மறுமுனையில் தூண்டில் முள் இருக்கும், மணலுக்குள் புதைந்திருக்கும். பெரியவர்கள் கத்தரியால் ஒரு சாண் ஒரு சாணாக வெட்டி எடுங்கள். வெட்டாமல் உருட்டிப் போட்டால் பறவை காலில் மாட்டும். ஈயக் குண்டு கிடைத்தால் எனக்குக் கொடுத்துவிடுங்கள், உருக்கிக்கொள்வேன். அக்டோபர் 1லிருந்து நவம்பர் கடைசி வரைக்கும் ஷேட் மீன் பிடிக்கத் தடை. அதனால் தடைக்கு முந்தின இந்த இரண்டு வாரம் தூண்டில்காரர்கள் கரையில் கூட்டமாக இருப்பார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வணக்கம் போட்டு வெறும் சாக்கு ஒன்றைக் கையில் கொடுங்கள், அவர்களே நிரப்பித் தருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

வாய்முகத்தில் இழுப்பு பலம். கலங்கின தண்ணீரில் ஜாம்பேசி சுறாவும் வரும். ஆற்றின் வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு இருக்கிறது, அது காப்பகம். சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது மரத்தின் மூச்சுவேர், மிதித்தால் போச்சு. அங்கே அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

டின் டவுன் என்று அந்த அம்மா எழுதினதும் எனக்கு 1917 ஞாபகம் வந்தது. நான் பார்த்ததில்லை, தாத்தா சொல்லக் கேட்டது. அக்டோபர் மாதம் உம்கேனி பொங்கிக் காய்கறித் தோட்டக்காரர் வீடெல்லாம் முழுகினபோது, நம் மீன்காரர்கள் ஆறு பேர் வலைப்படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டான் என்பவர் தலைமை. பிள்ளைகள் நிற்கப்போகும் ஆற்றில் நடந்தது. பாடத்தில் இதையும் சொல்லுங்கள் டீச்சர்.

---

கோவிந்த நாமம் எழுதியது:

எல்லோருடைய நல்லெண்ணத்துக்கும் வணக்கம். நான் மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

சாமிக்குச் சாற்றிய பூவும் உடைத்த தேங்காயும் நிர்மாலியம். அதை ஓடும் நீரில் விடுவது நம் வழக்கம். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார்கள். கோயில் கட்டும் முன்னே அவர்களுக்குக் கோயிலாக இருந்தது ஆறும் கடலும்தான். அந்த வழக்கத்தைக் காப்பாற்றித்தான் இன்றைக்கும் ஜனங்கள் அங்கே போகிறார்கள். அதையெல்லாம் பட்ஸ் குச்சியோடும் பீர் மூடியோடும் ஒரே சாக்கில் போட்டு, "குப்பை" என்று பிள்ளைகள் வாயால் எண்ண வைத்தால் நாளைக்கு அவர்கள் மனசில் எது நிற்கும்? காரியத்துக்கு வைத்த பொருளைத் தொட்டால் தீட்டு என்பதும் இருக்கிறது. அந்தத் தாய் போன் செய்து சொன்னது நியாயம்தான். விரத நாளில் வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

---

டின் டவுன் பேத்தி எழுதியது:

ஐயா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பட்ஸ் குச்சியோடு ஒரே சாக்கில் போடக்கூடாது என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் முதல் தடவை அந்தத் தப்பைச் செய்தோம். கூட வந்த ஒரு பாட்டி அழுதுவிட்டார்.

இப்போது எங்களிடம் தனியாக ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. மஞ்சள் துணி விரித்துக் கொண்டுபோவோம். சாமிப் பொருளைப் பெரியவர்கள் மட்டும் எடுப்போம், பிள்ளைகள் தொடுவதில்லை. பார்த்தால் வந்து சொல்வார்கள், அவ்வளவுதான். அகல் விளக்குகளை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவோம், கார்த்திகைக்கு ஆகிறது. பூ, இலை, எலுமிச்சை, தேங்காய் மட்டை எல்லாம் கோயில் தோட்டத்து வேப்பமரத்தடியில் குழி வெட்டிப் புதைக்கிறோம். படம், சிலை கிடைத்தால் பூசாரியிடம் சேர்ப்போம். கூடையில் உள்ளதை நாங்கள் எண்ணுவதும் இல்லை, குப்பைக் கணக்கில் எழுதுவதும் இல்லை. ஃபாயில் தட்டையும் பிளாஸ்டிக் பையையும் மட்டும் எண்ணுகிறோம்.

தீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. முப்பத்தைந்து வருடமாக உயிர் போனவர்களை முதலில் குளிப்பாட்டிய கை என்னுடையது. தமிழர், ஜூலு, வெள்ளைக்காரர் எல்லோரையும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கு ஏற்றினேன். என் ஆயா ஒருநாளும் தடுக்கவில்லை. காரியப் பொருளை நானே எடுக்கிறேன், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டால் ஆயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கரையில் நான் எடுத்த ஒரு பையைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் கொடுக்கிற சாதாரணப் பிளாஸ்டிக் பை. வாய்ப்பக்கம் மூன்று முடிச்சு, இறுக்கமாக. நாணலுக்குள் சிக்கி எத்தனை வாரமாகக் கிடந்ததோ, வெளியே பாசி பிடித்திருந்தது. பூசைப் பொருள் என்று தெரிந்ததால் பிரித்தேன். உள்ளே ஒரு முழுத் தேங்காய், வெற்றிலை கறுத்து அழுகி ஒட்டியிருந்தது, உடைக்காத கற்பூரக் கட்டி, மஞ்சள் பொட்டலம். அதோடு ஒரு துண்டுக் காகிதம். உள்ளே தண்ணீர் போகாததால் எழுத்து அப்படியே இருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள், அம்மாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன், நல்லபடியாக முடிய வேண்டும் என்று. அம்மா பெயரும் இருந்தது, அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் ஐயா. அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்து, எவ்வளவு நம்பி அந்த முடிச்சைப் போட்டிருக்கும். அந்த முடிச்சினாலேயே எதுவும் தண்ணீரைத் தொடவில்லை. பூவும் போய்ச் சேரவில்லை, தேங்காயும் போய்ச் சேரவில்லை. பை மட்டும் மிதந்து திரும்பிக் கரைக்கு வந்து கிடந்தது. நான் அந்தத் தேங்காயைப் பாறையில் உடைத்து, கற்பூரத்தை ஏற்றி, மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தாய் பெயரைச் சொல்லி விட்டேன். ஆபரேஷன் எப்போதோ முடிந்திருக்கும். இருந்தாலும் விட்டேன். பையை மடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அமாவாசைக் காலைகளில் நானும் இன்னொரு அம்மாவும் புளூ லகூனில் நிற்கிறோம். யாரையும் தடுப்பதில்லை, யாருக்கும் புத்தி சொல்வதில்லை. பையோடு வருகிறவர்களிடம் "அம்மா, பூவை விட்டுட்டுப் பையை எங்ககிட்ட குடுத்துடுங்க" என்று கேட்போம். வேண்டுமென்றால் வாழையிலைத் துண்டு கொடுப்போம், அதில் வைத்து விடட்டும். பாலியெஸ்டர் துணி கொண்டுவந்தால், "தண்ணியில காட்டி எடுத்து யாருக்காவது குடுங்களேன்" என்போம். இதுவரை ஒரே ஒருவர்தான் கோபப்பட்டார். போன ஆடி அமாவாசையில் மட்டும் வெங்காயச் சாக்கில் இரண்டு சாக்கு வெறும் பையாகச் சேர்ந்தது.

தங்கச்சி, சனிக்கிழமை விரதத்துக்கு இது இடைஞ்சல் இல்லை. பத்தரைக்கு முடித்தால் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் பெருமாளுக்குப் படைக்கலாம். விரதம் இருக்கும் பெரியவர்கள் மோர் குடித்துவிட்டு வரட்டும், பிள்ளைகள் சாப்பிடாமல் வெயிலில் நிற்கக்கூடாது. மறுநாள் அமாவாசைக்கு ஜனம் வரும்போது கரை கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கும்.

---

கோவிந்த நாமம் எழுதியது:

அம்மா, அந்தக் காகிதத்தைப் பற்றிப் படித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தனிக் கூடை என்றால் எனக்கு மறுப்பில்லை. ஞாயிறு அன்று தர்ப்பணத்துக்கு நான் எப்படியும் அங்கே வருவேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வாழை இருக்கிறது, இலை நான் கொண்டுவருகிறேன். எத்தனை வேண்டும்?

---

டின் டவுன் பேத்தி எழுதியது:

ஐம்பது துண்டு போதும் ஐயா. நுனி இலை வேண்டாம், நடு இலையை நாலாக நறுக்கினால் போதும். காலை ஐந்தரைக்கு அங்கே இருப்போம்.

---

முத்துநகர்ப் பெண் எழுதியது:

அம்மா, மாமா, ஐயா, கணேசன் சார், எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் முழுவதையும் படித்துக் காட்டினேன். அந்தப் பையைப் பற்றிப் படிக்கும்போது பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. போன் செய்த அம்மாவிடமும் பேசிவிட்டேன். மகளை அனுப்புகிறாராம், தானும் வந்து கூடையைப் பிடிக்கிறேன் என்றார்.

20ஆம் தேதி காலை ஆறே முக்காலுக்குப் புளூ லகூன் வாகனம் நிறுத்தும் இடத்தில் கூடுகிறோம். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர். எட்டு வயதுக்காரர்கள் நாலு பேருக்கும் வாளியும் டீ வடிகட்டியும். ஊசிக்கு மூடி போட்ட கேன் இரண்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீர், கத்தரி, இடுக்கி எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். குப்பை வண்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் வராவிட்டால் பக்கி பிடிக்க ஒரு அப்பா ஒத்துக்கொண்டார். அந்தப் பெண் தன் நோட்டில் "காதுக்குச்சி" என்று எழுதி, பக்கத்தில் குச்சியைப் படமும் வரைந்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு எண்ணிக்கை எழுதும் பொறுப்பு அவளுக்கு.

வெங்காயச் சாக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இருபதாவது வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?

---

உம்லாங்கா கணேசன் எழுதியது:

போன தடவை வாங்கியதில் முப்பது சாக்கு என் கராஜில் இருக்கிறது மேடம். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். நானும் மகனும் வருகிறோம், அவனுக்குப் பத்து வயது, தமிழ் கொஞ்சம்தான் வரும்.